நான் இறக்கினால்தான் இறக்க வேண்டும்

அந்த ஸ்பீக்கர் குழாய் உங்க முட்டியில இடிக்குதுங்களா? இருங்க, இப்படித் திருப்பி வெச்சுக்கறேன். ரிப்பேருக்குக் கொடுத்திருந்தது, வாங்கிட்டுப் போறேன். நாளைக்குக் காலையில ஒரு விசேஷம். கல்யாணம் இல்லைங்க. கல்யாணத்துக்கு இப்ப யாரு குழாய் கட்டறாங்க, எல்லாம் பெட்டி ஸ்பீக்கர்தான். இது ஸ்கூலுக்கு. எங்க ஊரு நடுநிலைப் பள்ளியில கக்கூசுக்குத் திறப்பு விழா.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. நானும் முதல்ல சிரிச்சேன். வேலாமரத்துப்பாளையம் சென்னியப்பன் சவுண்டு சர்வீஸ்னா சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும். என் செட்டுல தேர் ஓடியிருக்குது. மந்திரி பேசியிருக்காரு. கக்கூசுக்கு மைக் கட்டினதில்ல. "தண்ணித் தொட்டி வந்திருக்குது, மோட்டார் வந்திருக்குது, பொம்பளப் புள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் வெச்ச கதவு வந்திருக்குது, ஊரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாமா, மைக் செட்டுக்கு வாடகை கேட்கக் கூடாது"ன்னு பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டுட்டாங்க. அந்தத் தீர்மானத்தை வீட்டுக்கு வந்து சொன்னது யாருங்கறீங்க? என் வீட்டுக்காரி. அவ அந்தக் குழுவுல உறுப்பினர்.

அந்தக் குழுவுக்குத் தலைவரா இருந்திருக்க வேண்டியவன் நான்.

நீங்க எங்க இறங்கறீங்க? கடைசி ஸ்டாப்புங்களா. அப்பச் சொல்லலாம், நேரமிருக்குது.

மைக் செட்டுக்காரன் பொழப்பு எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. மேடைக்கு முதல்ல ஏறறவன் அவன்தான். "ஹலோ, மைக் டெஸ்டிங்"னு சொல்றவன் அவன்தான். சொன்ன கையோட இறங்கிரணும். அதுக்கப்புறம் சால்வை யாருக்கோ, சோடா யாருக்கோ. கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பேசத் தெரியாத ஆளுக பேசறதையெல்லாம் நான் கேட்கணும். அவங்க விடற பிழையெல்லாம் எனக்குத்தான் முதல்ல கேட்கும். இத்தனை வருஷத்துல மேடையில ஒரு நாற்காலி எனக்குன்னு யாரும் போட்டதில்ல.

நான் வருத்தப்பட்டுச் சொல்லலைங்க. நடப்பைச் சொல்றேன்.

அப்பத்தான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்தல் வருதுன்னு கேள்விப்பட்டேன். ரெண்டு வருஷப் பதவி. பெற்றோர்களே பெற்றோர்களுக்குள்ள கை தூக்கித் தேர்ந்தெடுத்துக்கணும். ஸ்கூலுக்கு என்ன வேணும்னு அந்தக் குழு தீர்மானம் போட்டா, மேல வரைக்கும் போகும். சுதந்திர தினத்துக்கு, ஆண்டு விழாவுக்கு, எல்லாத்துக்கும் குழுத் தலைவருக்கு மேடையில நடு நாற்காலி. நான் ஆசைப்பட்டது நாற்காலிக்காக இல்ல, சேவைக்காகத்தான். நாற்காலி தானா வருது.

என் மனசுல ஒரு திட்டமும் இருந்துது. ஸ்கூல் வாசலுக்கு ஒரு வளைவு. சிமெண்ட்டுல, மேல ரெண்டு பக்கமும் மயில், நடுவுல பள்ளிப் பேரு, கீழே சின்னதா யார் காலத்துல கட்டினதுன்னு. ரோட்டுல போறவன் திரும்பிப் பார்க்கணும். இப்ப எங்க ஸ்கூலைப் பார்த்தா ரைஸ் மில்லா ஸ்கூலான்னு தெரியாது.

நேராப் போயி ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தேன். வசந்தாமணி டீச்சர். எனக்கே ஆறாவது எடுத்தவங்க. இப்பவும் என்னைப் பார்த்தா முதல்ல நகத்தைத்தான் பார்ப்பாங்க. "டீச்சர், நான் நிக்கலாம்னு இருக்கேன்"னேன்.

"நில்லு. உன் புள்ள எந்த வகுப்பு?"

"அஞ்சாவதுங்க. இங்க இல்ல, மெட்ரிக் ஸ்கூல்ல."

"அப்ப அங்க போயி நில்லு."

விதி அப்படிங்க. இந்த ஸ்கூல்ல இப்பப் படிச்சிட்டிருக்கிற குழந்தையோட அப்பாவோ அம்மாவோதான் நிக்க முடியும், ஓட்டுப் போட முடியும். ஊர்ப் பெரிய மனுசன், இடம் கொடுத்தவன், மைக் கட்டினவன், எவனுக்கும் கிடையாது. புள்ள படிப்பை முடிச்சுப் போயிருச்சுன்னா பதவியும் அன்னைக்கே போயிரும். புத்தகத்தை எடுத்துப் பாதி படிச்சுக் காட்டினாங்க. மீதியை அன்னைக்கே படிச்சிருக்கலாம். படிக்கலை.

வீட்டுக்கு வந்து கோகிலாகிட்டச் சொன்னேன், தாரணியை கவர்மெண்ட் ஸ்கூலுக்கு மாத்தறோம்னு. கோகிலா என் வீட்டுக்காரி, தாரணி எங்களுக்கு ஒரே புள்ள.

"எதுக்குங்க?"

"தாய்மொழியில படிக்கட்டும்."

"பதவிக்கா?"

"ஏ புள்ள, சமூகம்னு ஒண்ணு இருக்குது."

அவ ஒண்ணும் பேசலை. அவ பேசலைன்னா சம்மதம்னு அர்த்தம், கல்யாணமான நாள்ல இருந்து அப்படித்தான் எங்களுக்குள்ள. ஜூன் மாசம் தாரணி மெட்ரிக் ஸ்கூல் டையைக் கழட்டிப் போட்டுட்டு எங்க ஊரு ஸ்கூலுக்குப் போனா. புள்ளைக்குப் பிடிச்சுப் போச்சுங்க. கபடி ஆடறா, கட்டுரை எழுதறா. ஒரே மாசத்துல ரொம்பப் பொறுப்பா வேற மாறிட்டா. முன்னால தண்ணி பாட்டிலைக் காலி பண்ணிட்டு வருவா, இங்க வந்ததுல இருந்து கொண்டு போன தண்ணி அப்படியே திரும்பி வருது. வீணாக்கறதில்ல. சாயங்காலம் வந்ததும் பையை வாசல்லயே போட்டுட்டு வீட்டுக்குப் பின்னால ஒரே ஓட்டம். பின்னால கோழி வளர்க்கறோம். கோழி மேல அப்படி ஒரு பாசம். கோழிக் கூண்டும் பாத்ரூமும் அந்தப் பக்கம்தான் இருக்குது.

"புள்ள தண்ணியே குடிக்கறதில்லைங்க"ன்னு கோகிலா ஒரு நாள் சொன்னா. "பழகிக்குவா"ன்னேன்.

டிசி வாங்கிச் சேர்த்ததுக்கு அப்புறம் மறுபடியும் வசந்தாமணி டீச்சரைப் போயிப் பார்த்தேன். "இப்ப நான் பெற்றோர் டீச்சர்."

"சந்தோஷம். உறுப்பினருக்கு நில்லு."

"தலைவருக்கு?"

"தலைவர் பொம்பளையா இருக்கணும். பாதிக்கு மேல பொம்பளைகளா இருக்கணும். இங்க படிக்கிற புள்ளையோட அம்மாதான் தலைவியா வர முடியும். அன்னைக்கே படிச்சுக் காட்டறேன்னு சொன்னேன், நீ எழுந்து ஓடிட்ட. ஆறாவதுலயும் நீ இப்படித்தான்."

எப்படி இருந்திருக்கும் எனக்கு, நினைச்சுப் பாருங்க. புள்ளையை மாத்தியாச்சு. மெட்ரிக் ஸ்கூல்ல திரும்பச் சேர்க்கணும்னா சிபாரிசு வேணும். ஊர்ல நாலு பேர்கிட்ட, நான் நிக்கறேன்னு சொல்லியும் ஆச்சு. வளைவுக்கு மேஸ்திரிகிட்டப் படம் கூடப் போட்டு வாங்கிட்டேன்.

நான் அசரலை. கோகிலாவை நிக்க வெச்சேன்.

ஊர்ல பஞ்சாயத்துத் தேர்தல்ல நடக்கறதுதானுங்களே இது. பேரு அவங்க பேரு, பேச்சு நம்ம பேச்சு. கோகிலா அடுப்படியில தோசை ஊத்திட்டிருந்தா. பக்கத்துல போயி நின்னு விளக்கமாச் சொன்னேன்.

"மீட்டிங்குக்கு யாரு போறது?"ன்னா.

"நான்தான்."

"தீர்மானம் எழுதறது?"

"நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதிக்குவாங்க."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"கையெழுத்து. அது மட்டும் நீயே போடணும், சட்டம்."

தோசையைத் திருப்பிப் போட்டா. "கக்கூசுக்குத் தண்ணி வருமா?"

"எந்தக் கக்கூசு?"

"ஸ்கூல் கக்கூசுங்க. மோட்டார் ஓடறதில்ல, கதவுல தாழ்ப்பாள் இல்ல. உங்க மக படிக்கிற ஸ்கூலு."

"எல்லாம் வரும். முதல்ல வளைவு. வளைவு இருந்தாத்தான் அது ஸ்கூல்னு நாலு பேருக்குத் தெரியும், தெரிஞ்சாத்தான் தண்ணி கொடுக்கணும்னு தோணும்."

அவ ஒண்ணும் பேசலை. சம்மதம்.

எங்களை எதுத்து நின்னது காளீஸ்வரின்னு ஒரு பொம்பள. எங்க ஊரு இல்ல. விருதுநகர்ப் பக்கத்துல இருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவங்க. கம்பெனியில செக்கிங், அதாவது தச்சு வர்ற பனியன்ல ஓட்டை இருக்குதா, நூல் தொங்குதான்னு பார்க்கிற வேலை. நாள் பூரா குறை கண்டுபிடிக்கிறதுக்குச் சம்பளம். அப்படிப்பட்டவங்ககிட்ட ஸ்கூலைக் காட்டினா என்னாகும்? ரெண்டு புள்ளைக இங்க படிக்குது. லைன் வீட்டுல குடியிருக்காங்க, ரேஷன் கார்டு இன்னும் அவங்க ஊர்லதான் இருக்குது. இதை நான் மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

ஒரு தடவை வழியில பார்த்து, "ஏம்மா, வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு உனக்கு எதுக்கும்மா இது?"ன்னு நல்லவிதமாத்தான் கேட்டேன்.

"புள்ளைகளும் வாடகைக்கா வந்திருக்கு அண்ணே?"ன்னுட்டுப் போயிட்டாங்க. மரியாதை தெரியாத ஜனம்.

இங்க எங்க ஊரு வழக்கம் ஒண்ணைச் சொல்லியாகணும். கை தூக்கற ஓட்டு எங்க ஊர்ல நடக்காதுங்க. பால் சொசைட்டியில ஒரு தடவை வெச்சாங்க. முதல் ஆளுக்குக் கை தூக்கச் சொன்னாங்க, எல்லாரும் தூக்கினாங்க. ரெண்டாவது ஆளுக்குத் தூக்கச் சொன்னாங்க, அப்பவும் எல்லாரும் தூக்கினாங்க. யாரு மனசும் நோகக் கூடாது பாருங்க. நாளைக்கு மூஞ்சியில முழிக்கணும். மூணாவது ஆளு நிக்கவே இல்ல, அவரு பேரை யாரோ விளையாட்டுக்குச் சொன்னாங்க, அவருக்கும் தூக்கினாங்க. கடைசியில மூணு பேருக்கும் ஒரே ஓட்டு.

இந்த வியாதி எனக்குத் தெரியும். அதனால தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்க ஆளுகளையெல்லாம் என் குடோனுக்குக் கூப்பிட்டேன். தாரணி கிளாஸ் அம்மாக்கள், கறிக்கடை நாச்சிமுத்து, அவன் பங்காளிக, கோகிலா கூட மகளிர் குழுவுல இருக்கிறவங்க. எல்லாரு புள்ளைகளும் இங்கதான் படிக்குது. டீ, வெங்காய பஜ்ஜி. குடோன் நிறைஞ்சு போச்சு. நான் டிரம் மேல ஏறி நின்னு சொன்னேன்.

"நாளைக்கு யாரு பேரு சொன்னாலும் கை தூக்கக் கூடாது. என்னையே பாருங்க. நான் கை தூக்கினா நீங்க தூக்கணும். நான் இறக்கினாத்தான் இறக்கணும். நடுவுல யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்கக் கூடாது."

"நீங்களே இறக்கச் சொன்னா?"ன்னு நாச்சிமுத்து கேட்டான்.

"நான் சொன்னாலும் இறக்கக் கூடாது. என் கை இறங்கணும். வாய் வேற, கை வேற."

இந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். இப்பத் தோணுது.

பயிற்சியும் கொடுத்தேன். நான் தூக்கினேன், எல்லாரும் தூக்கினாங்க. இறக்கினேன், இறக்கினாங்க. ஏமாத்திப் பாதி தூக்கித் தலையைச் சொறிஞ்சேன், ஒருத்தர் தூக்கலை. மிலிட்டரி மாதிரி. கோகிலா ஓரமா நின்னு எல்லாருக்கும் டீ கொடுத்துக்கிட்டிருந்தா. ஒவ்வொருத்தர்கிட்டயும் குனிஞ்சு ஏதோ சொல்லிச் சொல்லிக் கொடுத்தா. சர்க்கரை போதுமான்னு கேட்டிருப்பா. அவளுக்கு ஓட்டுக் கேட்கத் தெரியாது.

மறுநாள் ஸ்கூல் மைதானம். வேப்பமரத்துக்குக் கீழே கூட்டம். மைக் என்னுதுதான். "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லி டீச்சர் கையில கொடுத்தேன். வசந்தாமணி டீச்சர் விதியெல்லாம் வாசிச்சாங்க. ஒருத்தருக்கு ஒரு ஓட்டுத்தான், பால் சொசைட்டி மாதிரி எல்லாருக்கும் தூக்கினா செல்லாது. தூக்கின கையோட போட்டோ எடுத்து மேலிடத்துக்குச் செல்போன்ல அனுப்பணும். பின்னால ரெண்டு பேரு பேசிக்கிட்டிருந்தாங்க. டீச்சர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்து, "யாரது கை தூக்காமப் பேசறது?"ன்னாங்க. ரெண்டு பேரும் எழுந்து நின்னுட்டாங்க. "ஏதாவது சொல்லணும்னா கையைத் தூக்கிட்டு நில்லுங்க. நான் கூப்பிடுவேன். நடுவுல இறக்கினா வாய்ப்புப் போச்சு."

பாதிப் பேரு அவங்ககிட்டப் படிச்சவங்க. பெற்றோருங்கற எண்ணமே போயிருச்சு எங்களுக்கு.

முதல்ல ரெண்டு பேரும் பேசணும். கோகிலாவுக்கு நான் எழுதிக் கொடுத்திருந்தேன், ரெண்டு பக்கம், வளைவைப் பத்தி நல்லா வந்திருந்தது. அவ அதை நாலா மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டு, "எல்லாருக்கும் வணக்கம். எது நல்லதோ அதைப் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டா. கூச்சம். அந்தக் காளீஸ்வரி எழுந்திருச்சாங்க. பேப்பர் கிடையாது ஒண்ணு கிடையாது.

"நான் பெருசா ஒண்ணும் பேசல. நம்ம பொம்பளப் புள்ளைக காலையில வீட்டுல இருந்து கிளம்பினா சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. ஏன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க. குடிச்சா எங்க போறதுன்னு சொல்லுங்க. எனக்கு அது ஒண்ணுதான். அதைச் செஞ்சுட்டா நான் போயிருவேன், அப்புறம் யாரு வேணும்னாலும் தலைவியா இருந்துக்கங்க."

பேச்சு சுமாருங்க. ஆனா மேடையில பேசற விஷயமா அது? ஆம்பளைக இருக்கிற இடத்துல கக்கூசைப் பத்தி மைக்ல பேசறாங்க, அதுவும் என் மைக்ல. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. தவிர எங்க வீட்டுல அந்தப் பிரச்சனையே இல்ல. என் மகதான் தண்ணியே குடிக்க மாட்டாளே.

டீச்சர் அட்டெண்டன்ஸ் வரிசையில பேரு வாசிச்சாங்க. காளீஸ்வரி முதல்ல, கோகிலா ரெண்டாவது. "காளீஸ்வரிக்கு ஆதரவு தர்றவங்க..."ன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, அங்கதான் எனக்கு அந்த ரேஷன் கார்டு ஞாபகம் வந்துது. அவங்களுக்கு ஓட்டு எண்றதுக்கு முன்னால தடுத்தாகணும். வாயைத் திறந்தா டீச்சர் திட்டுவாங்க. என்ன பண்ணுவேன்?

கையைத் தூக்கினேன்.

எழுந்து நின்னு, நல்லா நேராத் தூக்கினேன். டீச்சர் பார்க்கணுமில்ல.

முதுகுக்குப் பின்னால ஒரு சத்தம் கேட்டுது. புறாக் கூட்டம் எழும்பற மாதிரி. வளையல் சத்தம் வேற. திரும்பிப் பார்த்தேன். குடோன்ல பஜ்ஜி தின்ன அத்தனை பேரு கையும் வானத்துல.

"இது ஓட்டு இல்ல, ஆட்சேபணை"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நாச்சிமுத்துகிட்டச் சொன்னேன். "இறக்குடா."

"நீங்க சொன்னாலும் இறக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க, சென்னியண்ணா."

"இப்பச் சொல்றேன், இறக்கு."

"உங்க கை மேலதான இருக்குது?"

என் கையை எப்படி இறக்குவேன்? இறக்கினா வாய்ப்புப் போச்சு. ஆட்சேபணை சொல்லணுமே. அதனால கையை மேலயே வெச்சுக்கிட்டு, வாயால மட்டும் இறக்குங்க இறக்குங்கன்னு சுத்திச் சுத்திச் சொல்றேன். ஒருத்தர் அசையலை. எல்லாரும் என் கையையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. அப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் எந்தக் கட்சிக் கூட்டத்துலயும் பார்த்ததில்லைங்க. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். காளீஸ்வரியோட லைன் வீட்டு ஆளுக தூக்கின கையையெல்லாம் எங்க ஆளுக கை மூடிருச்சு. அந்தம்மாவே பயந்து போயி எங்களைப் பார்க்கிறாங்க.

டீச்சர் நிதானமாக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வரிசை வரிசையா எண்ணினாங்க. என்னையும் சேர்த்து. கணக்கு வாத்தியாரு செல்போன்ல போட்டோ எடுத்தாரு. அவரும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாரு, ரெண்டு கணக்கும் சரியா இருந்துது. அதெல்லாம் முடிஞ்சுதான், "சென்னியப்பா, என்னமோ சொல்லணும்னு நின்னியே, சொல்லு"ன்னாங்க.

"ஆட்சேபணை டீச்சர். அவங்க வெளியூரு. ரேஷன் கார்டு இங்க இல்ல."

"புள்ள இங்க படிக்குதா இல்லையா, அவ்வளவுதான் விதி. ரேஷன் கடைக்கா தலைவி எடுக்கறோம்? இப்ப நீயும்தான் அவங்களுக்குக் கை தூக்கியிருக்க."

சிரிப்பு. என் மைக்லயே அந்தச் சிரிப்பு ஊருக்கெல்லாம் கேட்டுது.

நான் கையை இறக்கினேன். எல்லாரும் இறக்கினாங்க.

"ரெண்டாவது பேரு, கோகிலா"ன்னாங்க டீச்சர். ஒருத்தருக்கு ஒரு ஓட்டுத்தானே. யாருகிட்டயும் கை மீதி இல்ல. கோகிலா எழுந்து, "நான் விலகிக்கறேங்க டீச்சர். உறுப்பினரா வேணா இருக்கேன்"னா. அதையும் ஏத்துக்கிட்டாங்க. ஏகமனதான தேர்வுன்னு எழுதிட்டாங்க. ஏகமனசுல என் மனசும் சேர்த்தி.

நான் சும்மா விடலை. அடுத்த வாரமே கல்வி ஆபீஸுக்கு மனுவோட போனேன். அங்க ஒரு அதிகாரி, சின்னப் பையன், தன்மையா உட்காரச் சொன்னாரு. கம்ப்யூட்டரைத் திறந்து போட்டோவைக் காட்டினாரு.

"நடுவுல நிக்கறது யாருங்க?"

"நான்தானுங்க."

"எதுக்குக் கை தூக்கியிருக்கீங்க?"

"எதிர்ப்பு தெரிவிக்கறதுக்குங்க."

ரொம்ப நேரம் போட்டோவையே பார்த்தாரு. பெருசு பண்ணியும் பார்த்தாரு. "எதிர்ப்பு தெரியலைங்களே"ன்னாரு. அப்புறம் அந்தப் போட்டோவை என் செல்லுக்கே அனுப்பி வெச்சாரு, ஞாபகமா இருக்கட்டும்னு. நல்ல பையன்தான்.

வீட்டுக்கு வந்து கோகிலாகிட்டக் கேட்டேன். "அவனுக தூக்கினானுக, சரி, புத்தியில்லாதவனுக. நீ போட்டியில நிக்கறவ, நீ எதுக்குப் புள்ள எதிராளிக்குக் கை தூக்கின?"

"நீங்க தூக்கினீங்க, நானும் தூக்கினேன்."

"நீ பயிற்சியில கூட இல்லையே, டீதான கொடுத்துக்கிட்டிருந்த?"

"பதட்டத்துல தூக்கிட்டேங்க"ன்னா.

அதுக்கு மேல என்ன கேட்கறது? பொம்பளைக்குக் கூட்டம்னா பதட்டம் வரத்தான் செய்யும். நான் விட்டுட்டேன். தாரணியைத் திரும்ப மெட்ரிக் ஸ்கூல்ல சேர்த்திரலாமான்னு கேட்டேன், "ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி தேர்தல் வருமில்லைங்க, புள்ள இங்க இருந்தாத்தான உங்களுக்கு ஓட்டு"ன்னா. எனக்கே தோணலை பாருங்க. இந்த மாதிரி விஷயத்துல அவளுக்கு மூளை உண்டு.

அந்தக் குழுவுல இப்பக் கட்டடப் பொறுப்பு கோகிலாவுக்கு. அவளும் அந்தக் காளீஸ்வரியும் சேர்ந்துக்கிட்டு வாரா வாரம் ஏதோ ஆபீஸுக்குப் போறாங்க. பிளம்பரைத் திட்டறாங்க. மோட்டார் வந்துது. கதவு வந்துது. "தாழ்ப்பாளை உள்பக்கம் வெக்கச் சொன்னா வெளிப்பக்கம் வெச்சிருக்கான்"னு கோகிலா தச்சனைக் கூட்டி வந்து மாத்திப் போட வெச்சா. அவளுக்கு இப்படிச் சத்தம் போட வரும்னு எனக்குத் தெரியாது. வளைவைப் பத்தி ஒரு தடவை எடுத்துக் கொடுத்தேன். "அடுத்த கூட்டத்துல வெக்கறோம்"னாங்க ரெண்டு பேரும். ஒரே குரல்ல.

தாரணிகூடக் கோழியை மறந்துட்டா. சாயங்காலம் வந்தா மெதுவா நடந்து வர்றா, வாசல்லயே உட்கார்ந்து கதை பேசறா. தண்ணி பாட்டில் காலியா வருது. பாட்டில்ல ஓட்டையான்னு நான் திருப்பிப் பார்த்தேன். இல்ல. வெயில் காலம், குடிப்பாங்கதான்.

நாளைக்கு விழாவுல காளீஸ்வரி பேசறாங்க, டீச்சர் பேசறாங்க, கோகிலா நன்றியுரை. மூணு நாற்காலி. எனக்கு ஸ்டூல்தான். அது பரவாயில்லைங்க. இத்தனை பேரை ஒரே நேரத்துல கை தூக்க வெச்சவன் எங்க ஊர்ல இன்னைய வரைக்கும் நான் ஒருத்தன்தான். பால் சொசைட்டிக்காரங்களே வந்து எப்படின்னு கேட்டுட்டுப் போனாங்க. தோத்தாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதானே?

நம்பலைன்னா போட்டோவைப் பாருங்க. இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். செல்லுல பார்த்தது இல்ல நான், ஆபீஸ்ல பார்த்ததோட சரி. இந்தாங்க. நடுவுல நிக்கறது நான். கையைப் பாருங்க, எப்படி நேரா நிக்குது. இது நாச்சிமுத்து. இவங்க மகளிர் குழு. இந்த ஓரத்துல கும்பிட்ட மாதிரி கையை வெச்சுக்கிட்டு முழிக்கறது காளீஸ்வரி. அதுக்குப் பின்னால, பச்சைச் சேலை, அதுதான் கோகிலா.

பெருசு பண்ணுங்க. உங்க விரலு சின்னது, எனக்கு வர மாட்டேங்குது.

அவ கை எல்லாரு கைக்கும் மேல இருக்குதுங்களே. எனக்கும் மேல. அவ என் தோளுக்குத்தான் இருப்பா. மேடான இடத்துல நின்னிருப்பா. இல்ல, அந்த மைதானத்துல மேடு கிடையாது.

கீழே இறக்குங்க படத்தை. காலைப் பார்க்கலாம். செருப்பைக் கழட்டி வெச்சிருக்கா. பக்கத்துல இருக்கறவ தோளைப் பிடிச்சுக்கிட்டு நுனிக்கால்ல நிக்கறா.

ஏனுங்க, பதட்டத்துல யாராவது நுனிக்கால்ல நிப்பாங்களா?